மரபு மணம்

காரைக்குடியில் ஒரு அரசு அலுவலகம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ‘தொல்மாளிகைப் பேணுகை இயக்ககம், மண்டல அலுவலகம்’ என்று போட்டிருக்கும். செட்டிநாட்டுப் பழைய வீடுகள் விழாமல் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டது. அது வந்த பிறகும் விழுகிற வீடு விழுகிறது, நிற்கிற வீடு நிற்கிறது. இரண்டையும் இயக்ககம் சமமாகப் பாவித்து ஆய்வு செய்கிறது. விழுந்த வீட்டை ஆய்வு செய்வதில் பணியாளர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் விருப்பம் உண்டு, மாடி ஏற வேண்டியதில்லை என்பதால்.

அலுவலகமே ஒரு பழைய வீட்டில்தான் நடக்கிறது. வீட்டுக்காரர் நாகம்மை ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். வாடகைக்கு விடும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: முகப்பைத் தாண்டி யாரும் செருப்புக்காலோடு உள்ளே வரக்கூடாது. நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரமுமாக இருக்கிறதே வளவு, அங்கேதான் அவர் வீட்டு முன்னோருக்கு வருஷா வருஷம் படைப்பு நடக்கும். அதே வளவில்தான் இப்போது மேசை நாற்காலி போட்டு அரசாங்கம் உட்கார்ந்திருக்கிறது. பணியாளர்களுக்கு இந்த நிபந்தனையில் ஒரு குறையும் இல்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கத்திரி வெயிலிலும் வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கோப்பு பார்த்தார்கள், கண்ணயர்ந்தார்கள். ஒரு வாடையும் இல்லை.

வினை சென்னையிலிருந்து சுற்றறிக்கையாக வந்தது. ஆண் பணியாளர்கள் அனைவரும் பணிநேரம் முழுவதும் காலணியும் காலுறையும் அணிந்து கண்ணியமாகத் தோற்றமளிக்க வேண்டும் என்றது அது. மண்டல அலுவலர் ஆதித்தன் உடனே கூட்டம் போட்டார். கூட்டம் போடுவதில் அவர் சளைத்தவரல்ல. குடிதண்ணீர்க் கேன் வராத அன்றைக்குக்கூட ஒரு கூட்டம் போட்டு, தாகத்தைப் பற்றிப் பேசி, எல்லோரையும் இன்னும் தாகமாக்கி அனுப்பியவர்.

“சென்னை சொல்வதை நாம் மீற முடியாது,” என்றார் ஆதித்தன். “ஆச்சி சொல்வதையும் மீற முடியாது. மீறினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். பழைய வீடுகளைக் காப்பாற்ற வந்த நாமே பழைய வீட்டிலிருந்து துரத்தப்பட்டோம் என்ற பெயர் வேண்டாம். ஆகவே இரண்டையும் நிறைவேற்றுவோம். காலணி அணிந்து வருவோம். முகப்பில் கழற்றுவோம். ஆனால் காலுறையைக் கழற்ற மாட்டோம். சுற்றறிக்கையின் ஒரு பாதி எந்நேரமும் நம் காலில் இருக்கும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். இளநிலை உதவியாளர் சேவுகப்பெருமாளும் தட்டினார். தட்டும்போது அவருக்கு ஷூ என்ன விலை இருக்கும் என்ற கவலைதான் மனசில் ஓடியது.

சேவுகப்பெருமாளுக்கு ஊர் சிங்கம்புணரி. தினமும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர். நாற்பது வயதுக்குள் ஷூ போட்டது கல்யாணத்துக்கு ஒருநாள், அதுவும் இரவல். கடைவீதியில் ரெக்ஸின் ஷூ ஒன்றும் பளபளவென்று ஒரு நைலான் சாக்ஸும் வாங்கினார். ஒன்றுதான் வாங்கினார். ஒரு மனிதனுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கால்தானே என்று அவர் கணக்கு. காலையில் போடுவார், பஸ் என்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கால் அவிந்தபடி வருவார், சாயங்காலம் வரை அதே சாக்ஸோடு வளவில் நடப்பார், வீட்டுக்குப் போய் அதை ஷூவுக்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டு மறுநாள் எடுத்து மாட்டுவார்.

கொஞ்ச நாளில் வளவில் ஒரு வாடை எழுந்தது.

புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. மத்தியானத்துக்கு மேல் கனமாகும். முதலில் அதைக் கவனித்துப் பேசியவர் ஆதித்தன்தான். பேசியவிதம்தான் யாரும் எதிர்பாராதது. மதுரையிலிருந்து கட்டடக்கலை படிக்கிற மாணவர்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களை வளவின் தென்மேற்குத் தூணருகே நிறுத்தி, “மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்,” என்றார். “பர்மா தேக்கு. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. பல தலைமுறையின் காற்று. இதை நாங்கள் மரபு மணம் என்கிறோம். எந்த ஆய்வகத்திலும் இதை உண்டாக்க முடியாது.”

மாணவர்கள் இழுத்தார்கள். ஒரு பெண் முற்றத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். தென்மேற்குத் தூணருகில்தான் சேவுகப்பெருமாளின் இருக்கை. அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்து, பெரிய விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்தத் தூணில் ‘மரபு மணம்: இங்கே நின்று நுகரவும்’ என்று ஒரு பலகை வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து கண்ணை மூடி நுகர்ந்தார்கள். சேவுகப்பெருமாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டு அவர்களுக்கு இடம் விடுவார். அவர் லீவு போட்ட நாளில் வந்த பிரெஞ்சுத் தம்பதிக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. “மரபு நினைத்த நாளில் கிடைத்துவிடுமா?” என்று ஆதித்தன் அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சென்னை இயக்குநர் நேரில் வந்ததும் கெட்டது. அந்தம்மா வளவில் கால் வைத்ததும் முந்தானையை மூக்கில் வைத்தார்.

“என்ன இது?”

“மரபு மணம், மேடம்.”

“எலி செத்திருக்கு, ஆதித்தன்.”

காப்பிகூடக் குடிக்காமல் கார் ஏறிவிட்டார். மறுநாளே மின்னஞ்சல் வந்தது. வாடைக்குக் காரணம் என்ன என்று அதில் கேட்கவில்லை. காரணமானவர் யார், அவர் மீது என்ன நடவடிக்கை என்று மட்டும் கேட்டிருந்தது. பலகையை உடனே கழற்றினார்கள். வாடை விசாரணைக் குழு அமைந்தது. ஆதித்தன் தலைவர், கண்காணிப்பாளர் மரிய அந்தோணி உறுப்பினர், நடவடிக்கைக் குறிப்பு எழுத சேவுகப்பெருமாள்.

குழு கூப்பிட்டு விசாரித்தது ஒரே ஒருவரை. துப்புரவுப் பணியாளர் பாண்டீஸ்வரி. வலையபட்டியிலிருந்து வந்து, காண்ட்ராக்டில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர். அடுத்த மாதம் அவரைத் தொகுப்பூதியத்தில் எடுப்பதாகப் பேச்சு இருந்தது. அதை நம்பித்தான் மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலி காலியாக இருந்தும் நின்றபடியே பதில் சொன்னார்.

“தெனமும் ரெண்டு தடவ தொடைக்கிறேன் சார். பினாயிலு நீங்க குடுக்குற அளவுதான் ஊத்துறேன்.”

“அப்படியானால் குறைவாக ஊற்றுகிறீர்கள்,” என்றார் ஆதித்தன்.

“நீங்க குடுக்குறதே அம்புட்டுத்தானே சார்.”

“கொடுப்பது அலுவலகத்தின் கடமை. வாடையைப் போக்குவது உங்கள் கடமை. இரண்டையும் குழப்பாதீர்கள்.”

குறிப்பு எழுதிக்கொண்டிருந்த சேவுகப்பெருமாளுக்கு, பாண்டீஸ்வரிக்கு உதவியாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பாவம், நல்ல பொம்பளை, காலையில் வந்ததும் அவர் மேசையைத்தான் முதலில் துடைப்பார். “பெருக்கும்போது மூலையில கொஞ்சம் விட்டுப்போயிருக்கலாம் சார், வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க,” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆதித்தன் அதில் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, “எழுதுங்கள்,” என்றார். மூலை முடுக்குகளில் சுத்தக் குறைவு என்று சேவுகப்பெருமாளின் சொந்தக் கையெழுத்தில் குறிப்பு ஏறியது. சாயங்காலம் காண்ட்ராக்டர் போன் செய்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று பாண்டீஸ்வரியிடம் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்த சேவுகப்பெருமாள் நடந்ததையெல்லாம் மனைவி அனுசுயாவிடம் சொன்னார். அனுசுயா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். எதையும் வளைத்துப் பேசத் தெரியாது.

“என்ன நாத்தம்னு சொன்னீக?”

“புளிச்ச மாவு மாதிரி. ஈரச் சாக்கு மாதிரி. நம்ம சட்டை துணியிலயெல்லாம் ஒட்டிக்கிருச்சுன்னா பாத்துக்கோ. வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அடிக்குது.”

அனுசுயா ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை வைத்தார். வாசல் பக்கம் போனார். ஒரு ஷூவைக் குதிகாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இந்த நாத்தமா?”

சேவுகப்பெருமாள் முகர்ந்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

“நானும் சாக்கடை அடைச்சிருக்குனு பஞ்சாயத்துல போய்ச் சொல்லிட்டு வந்தேன்,” என்றார் அனுசுயா. “அவுகளும் வந்து தோண்டிப் பாத்துட்டுப் போனாக. நீங்க வேல விட்டு வந்த பெறகுதான் அடிக்குதேனு அப்பவே யோசிச்சிருக்கணும். ஏங்க, அந்தப் பொம்பளைய இதுக்கா வேலைய விட்டு நிப்பாட்டுனீக?”

“நான் நிப்பாட்டல. குழு.”

“குழுவுல நீங்க யாரு?”

சேவுகப்பெருமாள் கை கழுவப் போனார். மூலை முடுக்கு என்று எழுதிய கையை அதிக நேரம் கழுவினார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று எண்ணினார். ஆனால் நாறுகிற காலோடு போய் நின்றுகொண்டு, நாறுவது என் கால்தான் என்று எப்படிச் சொல்வது? மானம் போகாதா? முதலில் கால் சரியாகட்டும், சுத்தமான காலோடு போய் மரியாதையாகச் சொல்லலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அவர் செய்த தப்பிலேயே பெரிய தப்பு இதுதான். ஆனால் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

அனுசுயா வைத்தியத்தைக் கையில் எடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அதில் காலை வைத்து உட்காரச் சொன்னார். பீர்க்கங்காய் நாரால் குதிகால் தோலைத் தேய்த்து எடுத்தார். விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட வைத்தார். “கழுவுறது முக்கியமில்ல, தொடைக்கிறதுதான் முக்கியம். இடுக்குல ஈரம் நின்னா அங்கனயே ஊறும்,” என்று தனித்துண்டு கொடுத்து விரல் விரலாகத் துடைக்கச் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் டீத்தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து அதில் கால் வைக்கச் சொன்னார். படிகாரத்தைப் பொடித்து லேசாகத் தடவிவிட்டார். ஷூவுக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்து மொட்டைமாடியில் வெயில் காட்டினார். நைலான் சாக்ஸை அடுப்பில் போடப் போனவர், புகை நாறுமே என்று குப்பை வாளியில் எறிந்தார். பருத்தி சாக்ஸ் கை நிறைய வாங்கி, தினம் ஒன்று துவைத்துக் காயவைத்துக் கொடுத்தார். வீட்டில் இருக்கும்போது வெறுங்கால்தான், காலுக்குக் காத்துப் பட வேண்டும் என்று உத்தரவு.

கால் தேறியது. அதோடு வளவும் தேறியது. முதலில் கனம் குறைந்தது, அப்புறம் மத்தியானத்தில் மட்டும் லேசாக வந்தது, பின்பு அதுவும் போய்விட்டது. ஆதித்தன் காலையில் தினமும் வளவின் நடுவில் நின்று மூக்கை உயர்த்தி இழுத்துப் பார்த்து, அன்றைய நிலையைச் சென்னைக்குத் தெரிவித்தார். கடைசியில் ஒரு பாராட்டுக் கூட்டமும் போட்டார்.

“சரியான நபரைச் சரியான நேரத்தில் அகற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வளவு சாட்சி,” என்றார். “சிலர் என்னிடம் கேட்டார்கள், ஆதாரம் என்ன சார் என்று. ஆதாரம் எதற்கு? அந்தம்மா போனார், வாடையும் போனது. ஒரே நாளில் போகாமல் படிப்படியாகப் போனதே, அதுவே அந்தம்மாவின் சுத்தக் குறைவு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டுகிறது.”

கை தட்டினார்கள். சேவுகப்பெருமாளின் கை எழவில்லை. தன் காலை உப்புத் தண்ணீரில் வைத்த ஒவ்வொரு முறையும் பாண்டீஸ்வரியின் பெயரில் ஒரு குற்றம் உறுதியாகியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. மேசைக்கு அடியில் சுத்தமான கால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன.

கூட்டம் முடிந்ததும் மரிய அந்தோணியை டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். அந்தோணி ரிட்டயர்மெண்ட் நெருங்குகிறவர். ஓய்வூதியத்துக்கு இடைஞ்சல் வராத எதையும் கேட்டுக்கொள்வார்.

“சார், நாறுனது என் காலு.”

அந்தோணி டீயை ஊதிக் குடித்தார். “தெரியும் தம்பி.”

“தெரியுமா?”

“உங்க பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன். மூக்கு இருக்குல்ல?”

“அப்பறம் ஏன் சார் சொல்லல?”

“எப்படிச் சொல்ல? பெரியவரு அத மரபுனு பலகை மாட்டிட்டாரு. அதுக்குப் பெறகு நான் போயி, மரபு இல்ல சார், சேவுகப்பெருமாளு சாக்ஸுனு சொன்னா, பிரெஞ்சுக்காரனையெல்லாம் கூட்டியாந்து சாக்ஸை மோக்க விட்டதா ஆகாதா? எல்லாருக்குந்தான் தெரியும். பெரியவருக்கே தெரியுமோ என்னவோ.”

“பாண்டீஸ்வரி என்ன சார் பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. நம்மள நிப்பாட்டணும்னா குற்றச்சாட்டு, விளக்கம், மேல்முறையீடுனு வருஷக்கணக்கா ஆகும். அந்தம்மாவுக்கு ஒரு போன் போதும். சென்னை அறிக்கை கேட்டது அந்த வாரத்துக்குள்ள.”

“நான் எழுதிக் குடுக்குறேன் சார். நான்தான்னு.”

அந்தோணி கிளாஸை வைத்துவிட்டு, குனிந்து, கூச்சமே இல்லாமல் சேவுகப்பெருமாளின் கால் பக்கம் மோந்து பார்த்தார். “இப்ப நாறலையே. நாறாத கால வச்சுக்கிட்டு, நாறுச்சுனு சொன்னா எந்தக் குழு ஒத்துக்கிரும்? ஆதாரத்த நீங்களே கழுவிட்டீக தம்பி.”

அடுத்த சனிக்கிழமை சேவுகப்பெருமாள் வலையபட்டிக்குப் போனார். பாண்டீஸ்வரியிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு. பெரிய வீடுகளுக்குப் பின்னால் இருந்த தெருவில் ஓட்டு வீடு. பாண்டீஸ்வரி கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். வேலைக்குத் திரும்பக் கூப்பிட ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

“உக்காருங்க சார். சேதி ஏதும் கொண்டாந்தீகளா?”

“இல்லம்மா. சும்மா, இங்குட்டு வந்தேன்.”

மலர்ந்த முகம் சுருங்கியது. ஆனாலும் கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொல்லி மகளை அனுப்பினார். “சார், ஒண்ணு கேக்கட்டா?” என்றார். “எங்குட்டு சார் விட்டுப்போச்சு? நானும் படுத்துக்கிட்டே ஒவ்வொரு மூலையா நெனச்சுப் பாக்குறேன். தூணடி, அலமாரிக்குக் கீழ, முத்தத்துக் குழாயி, எல்லாந்தான் தொடச்சேன். நீங்களே மூலையில விட்டுப்போச்சுனு சொன்னீக. நீங்க பொய் சொல்ல மாட்டீக. அப்ப என் மேலதான் ஏதோ தப்பு.” இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். “இப்பல்லாம் கையிலயே நாத்தம் அடிக்கிற மாதிரி இருக்கு சார். மண்டபத்துலயும் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவுறேன். உங்களுக்கு அடிக்குதா?”

“அடிக்கலம்மா, ஒண்ணும் அடிக்கல,” என்பதற்கு மேல் சேவுகப்பெருமாளால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கலர் வந்தது. அதையும் குடித்தார். பஸ்ஸில் வரும்போது தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காலில் இருந்தது ஷூ.

வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்தார்.

“என்னங்க பண்றீக?”

“ஆதாரம் தயார் பண்றேன்.”

பழைய மாதிரி நைலான் சாக்ஸ் ஒன்று வாங்கி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டார். ஷூவைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தார். கால் கழுவினால் விரல் இடுக்கைத் துடைக்காமல் விட்டார். பஸ்ஸில் பழைய என்ஜின் சீட்டையே பிடித்தார். அனுசுயா ஜாக்கெட் தைக்க வந்தவர்களை வாசலோடு அனுப்பிக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சமைத்தார். திட்டவில்லை. “அந்தப் பொம்பளைக்கு வேல கெடைக்கட்டும், பெறகு உங்களக் கவனிச்சுக்கிறேன்,” என்று மட்டும் சொன்னார்.

கால் ஏமாற்றவில்லை. கொஞ்ச நாளில் வளவு பழைய நிலைக்கு வந்தது. பாண்டீஸ்வரி இல்லாத வளவில் வாடை! சேவுகப்பெருமாள் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரி மனுக் கொடுத்தார். மனுவுக்கு எண் விழுந்துவிட்டால் கூட்டம் கூட்டாமல் இருக்க முடியாது. குழு மறுபடி கூடியது. சேவுகப்பெருமாள் எழுந்து நின்றார். குனிந்து இரண்டு சாக்ஸையும் உருவி மேசைமேல், குழுத் தலைவருக்கு முன்னால் வைத்தார்.

“சார், இதுதான் அந்த வாடை. பாண்டீஸ்வரி எந்த மூலையிலயும் விடல. மூலையில உக்காந்திருந்தது நான். பொய்யா எழுதினதும் நான். எனக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க, அந்தம்மாவை வேலைக்குக் கூப்பிடுங்க.”

இப்படி அவர் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் பேசியதில்லை. பேசி முடித்ததும் மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆதித்தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “உறுப்பினர் சரிபார்க்கட்டும்,” என்றார். மரிய அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு குனிந்து முகர்ந்து, தலையாட்டினார்.

ஆதித்தன் கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார்.

“சேவுகப்பெருமாள், இந்தக் காலுறையை நீங்கள் விரும்பி அணிந்தீர்களா?”

“இல்ல சார். சுற்றறிக்கைப்படி.”

“சரி. அப்படியானால் இது உங்கள் காலுறை அல்ல. அரசு சொல்லி, அரசு நேரத்தில், அரசு அலுவலகத்தில் இருப்பது. உங்கள் காலில் இருக்கிறது, அவ்வளவுதான். நாற்காலியும் உங்களுக்குக் கீழேதான் இருக்கிறது, உங்களுடையது ஆகிவிடுமா? ஆகவே காலுறை ஒரு அலுவலகத் தளவாடம். அலுவலகத் தளவாடங்களைச் சுத்தமாக வைத்திருப்பது யார் கடமை?”

சேவுகப்பெருமாளுக்குக் கேள்வி போகிற திசை தெரிந்தது.

“துப்புரவுப் பணியாளரின் கடமை,” என்றார் ஆதித்தன். “அந்தம்மா ஒருநாளாவது உங்களிடம் வந்து காலுறையைக் கேட்டாரா? கேட்கவில்லை. ஆக நம் குழுவின் முடிவில் தவறில்லை. மூலை என்பதை மட்டும் காலுறை என்று திருத்திக்கொள்வோம். ஒரு நேர்மையான ஊழியர் தாமாக முன்வந்து இந்த ஆதாரத்தைத் தந்திருக்கிறார். அதற்காக இந்தக் குழு உங்களைப் பாராட்டுகிறது. எழுதிக்கொள்ளுங்கள்.”

“சார், நான் அதுக்காகக் குடுக்கல சார்…”

“எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது உங்கள் விஷயம். எதற்காக வாங்கிக்கொள்கிறோம் என்பது எங்கள் விஷயம். நான் ஈவு இரக்கம் இல்லாதவன் அல்ல. அந்தம்மா திரும்ப வரட்டும். கருணை அடிப்படையில். தொகுப்பூதியம் பற்றிப் பின்னர் பரிசீலிப்போம். பெருக்குவது, துடைப்பதுடன், ஆண் பணியாளர்கள் அனைவரின் காலுறைகளையும் மத்தியானம் பெற்று, துவைத்து, உலர்த்தி, மாலையில் ஒப்படைப்பது கூடுதல் பணி.”

சேவுகப்பெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மரிய அந்தோணி மேசைக்கடியில் அவர் பேண்ட்டைப் பிடித்து இழுத்து, “உக்காருங்க தம்பி. இன்னும் பேசுனீகன்னா அந்தம்மாவுக்கு ஷூ பாலிஷும் சேந்துரும்,” என்று காதில் சொன்னார். சேவுகப்பெருமாள் உட்கார்ந்தார்.

பாண்டீஸ்வரி வந்துவிட்டார். சாக்ஸ் விஷயமும் அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்டு அவர் காதுக்கும் போயிருந்தது. சேவுகப்பெருமாளிடம் அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் அவர் மேசையைத் துடைப்பதுபோல இப்போதும் துடைத்தார், மற்ற மேசைகளெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக.

அனுசுயா சொன்னபடி கவனித்துக்கொண்டதில் சேவுகப்பெருமாளின் கால் மறுபடி சரியாகிவிட்டது. பருத்தி சாக்ஸ், தினமும் வீட்டில் துவைத்தது. ஆனால் தளவாடத்தை ஒப்படைக்காமல் இருக்க யாருக்கும் விலக்கு இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாக்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். கிணற்றடியில் பாண்டீஸ்வரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி நிறையக் கறுப்பும் சாம்பலுமாகச் சாக்ஸ்கள். மூக்குக்கு மேலே சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தார்.

“பாண்டீஸ்வரி, அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்பவே சொல்லணும்னு நெனச்சேன்.”

“என்னத்த சார்?”

“எல்லாம் என் காலுதான்னு.”

“சொல்லியிருந்தீகன்னா கையப் போட்டு அம்புட்டுத் தேய்ப்பு தேய்ச்சிருக்க மாட்டேன்,” என்றார் பாண்டீஸ்வரி, தலையை நிமிர்த்தாமல். “சரி விடுங்க. குடுங்க.”

“இது வீட்டுலயே துவைச்சது. சுத்தமாத்தான் இருக்கு.”

“இருந்தா என்ன. குடுங்க.”

சேவுகப்பெருமாளுக்குத் தாங்கவில்லை. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார். வாளியைத் தன் பக்கம் இழுத்தார். “நீங்க எந்திரிங்கம்மா. நான் துவைக்கிறேன். என்னால வந்தது, நானே துவைக்கிறேன். தெனமும் வந்து துவைச்சுத் தர்றேன்.”

பாண்டீஸ்வரி வாளியை வெடுக்கென்று திரும்ப இழுத்தார். தண்ணீர் தளும்பி இருவர் மேலும் தெறித்தது. வளவுப் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார், உள்ள போங்க. நீங்க துவைக்கிறத யாராச்சும் பாத்தா, அப்ப எனக்கு இங்க என்ன வேலனு கேப்பாக.”

சேவுகப்பெருமாள் எழுந்தார். சாக்ஸை நீட்டினார். பாண்டீஸ்வரி அதை வாங்கி, மற்றதோடு சேர்த்து வாளிக்குள் அமுக்கினார்.